ஒரு கால் தரையில்

“...பின்னால ஆள் வருதுங்க. இன்னும் ஒரு ஆளு பாக்கி. வண்டிய எடுக்காதீங்க.”

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் வழியாக மலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த ஆறு வருஷமும் இதைக் கேட்டிருக்கிறேன். சொன்னது ஒரே ஆள்தான், மலையிலிருந்து இறங்கி ஏறும் ஒரு அக்கா. அந்தக் குரலில், அந்தத் தோரணையில் அதைக் கடைசியாகக் கேட்ட இடம் மலை இல்லை. ஒரு பெரிய நகரத்தின் பூங்கா வாசல். அந்த இடத்துக்குப் போய்ச் சேர எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நேராகப் போகத் தைரியம் இல்லை, அதனால் சுற்றி வருகிறேன்.

பேரை எழுதவில்லை. அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நான் இன்னொருத்தரிடம் பேசிய பேச்சு ஒன்று உண்டு. அதற்கு அப்புறம் அந்தப் பேரை எடுக்க எனக்கு வாய் வருவதில்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். கரியாலூரைத் தாண்டி ஒரு மண்பாதை பிரிகிற இடத்தில் ஏறுவார். அங்கே நிழற்குடை கிடையாது, பலகை கிடையாது. எந்தக் காலத்திலோ பாலம் கட்டக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன சிமெண்ட் குழாய் ஒன்று கிடக்கும், அதுதான் அடையாளம். ஊர் அங்கிருந்து உள்ளே ஒரு மைல் நடை. கூடையில் கொய்யா, கடுக்காய், அந்தந்த மாசத்துக்கு எது உண்டோ அது. பலாக் காலத்தில் பஸ் முழுக்க மணக்கும். கூடையை முதலில் எஞ்சின் பெட்டி மேல் வைப்பார். அப்புறம் இறங்கி, இடது காலைப் படியில் வைப்பார். வலது கால் தரையிலேயே இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். வண்டி நகராது.

எங்கள் டிரைவர் அண்ணன் பேச்சில் யாருக்கும் குறையாதவர். “எக்கா, ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா அந்தக் கால மட்டும் இங்க வுட்டுட்டு நீ ஏறிக்கோ” என்பார்.

“ரெண்டு காலும் மேல இருந்தா நான் பேசஞ்சரு. ஒரு காலு கீழ இருந்தா நான் ஸ்டாப்பிங்கு. உனுக்கு எது வோணும் சொல்லு.”

இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் அடிமை. எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தைப் பஸ்ஸில்தான் படித்தேன். டிக்கெட் கட்டு தீர்ந்ததும் அடி அட்டையைக் கிழித்து வைத்துக்கொள்வேன், யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அதன் பின்பக்கம் எழுதுவதற்கு. காதில் எப்போதும் பேனா செருகியிருக்கும். என் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்றைக்கும் அந்த அட்டைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அந்த அக்கா சொன்னவை.

எனக்கு அவர் வைத்த பேர் விசிலு. நான் பொறுக்காமல் விசிலை வாயில் வைத்தால் போதும், “ஏன் விசிலு, இன்னாத்துக்கு இப்பிடிப் பறக்கற? ஊட்ல பால அடுப்புல வச்சிட்டு வந்தியா?” என்று கேட்டுவிடுவார். பஸ்ஸே சிரிக்கும். நான் சிரித்துக்கொண்டே விசிலை இறக்கிவிடுவேன்.

ஆனால் நிற்பது சும்மா இல்லை. எங்களுக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி வந்துகொண்டே இருக்கும். மேலே நாலு நிமிஷம் தாமதமானால் கீழே கச்சிராயபாளையத்திலும் வடக்கனந்தலிலும் நிற்கிற கூட்டத்தை அவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். முதலாளி என்னைத்தான் கேட்பார். அதைச் சொன்னால் அக்கா, “உங்க முதலாளி அடுத்த வண்டியில வந்தா அவருக்கும் நிப்பேன்” என்பார்.

ஒருநாள் பாதையில் ஒரு ஈ காக்கை கூட இல்லை. எங்கேக்கா ஆள் என்றேன். “நாயி கொலைக்குது பாரு, ரெண்டு எடத்துல. மொதல்ல கொலைச்சது நான் வந்ததுக்கு. இப்பக் கொலைக்கிறது வேற ஆளுக்கு” என்றார். உண்மைதான், கொஞ்ச நேரத்தில் ஒரு காலை இழுத்து இழுத்து, தோளில் மூட்டையோடு ஒருத்தர் வளைவில் தென்பட்டார். அவர் ஏறின பிறகும் அக்கா காலை எடுக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பாதையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். அது அவர் வழக்கம். கடைசியாக வருகிறவரைப் பார்க்க மாட்டார், அவருக்குப் பின்னால் பார்ப்பார்.

இன்னொரு நாள் யாருமே வரவில்லை. மூன்று நிமிஷம் வீண். பஸ்ஸில் இருந்தவர்கள் முனகினார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “வராம போனா அது அவங்க பாடு. நாம போயிட்டோம்னு ஆவக் கூடாது” என்று சொல்லி மேலே ஏறி உட்கார்ந்தார். அட்டையில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிமெண்ட் குழாய்க்குப் பக்கத்திலேயே வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக் கீழேயிருந்து வர மத்தியானம் ஆகும் என்றார்கள். அக்கா எங்கள் இரண்டு பேரையும் வூட்டுக்கு வாங்க என்றார். அண்ணன், நீ முன்னால் போ, நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நின்றுவிட்டார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் வேலிக்கு ஒரு மூங்கில் படல், ஆடு மாடு வராமல் சாத்தி வைக்கிற கதவு. அக்கா அதைத் தள்ளித் திறந்து நடந்தார். நான் சாத்தப் போனேன்.

“வுடு வுடு. பின்னால உங்க அண்ணன் வருவாரு.”

“வந்து தொறந்துக்குவாருக்கா.”

“கடைசி ஆளு யாருன்னு எனுக்குத் தெரியாது. அப்பறம் நான் எப்பிடிச் சாத்துறது?”

அவர் வீட்டுக் கதவும் அப்படித்தான் கிடந்தது. கூடைக்கு மூடி இல்லை, டப்பாவுக்கு மூடி இல்லை. அவர் கையால் எதையும் சாத்தி நான் பார்த்ததில்லை. நாங்கள் சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆடுகள் படல் வழியாக வந்து அவர் வீட்டு அவரைக்கொடியையே மேய்ந்தன. பக்கத்து வீட்டுப் பெண் விரட்டிக்கொண்டே, “எங்க எக்கா ஊட்டுக்கு ரெண்டு காலு வந்தாலும் விருந்தாளி, நாலு காலு வந்தாலும் விருந்தாளி” என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது சட்டியின் அடியில் அவர் பங்கு இருந்தது. அவர் தின்று முடித்த பிறகும் அடியில் ஒரு கை சோறு மீதி வைத்திருந்தார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டேன். ஏன்க்கா இப்படி, யாருக்காவது வண்டி தவறிப் போய் ஏதாவது ஆயிடுச்சா? கதை ஒன்று வரும் என்று பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“உங்க ஊர்ல ஒண்ணு வுட்டா இன்னொண்ணு வந்துகினே இருக்குது. எங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நடை. அதான். இதுக்கு இன்னா கதை?”

இனி பூங்கா.

மலை ஊர்களில் பெண்கள் குழுக்களைப் பஸ் வைத்து வெளியூர் கூட்டிப் போய்த் தோட்டம் துரவு காட்டிக்கொண்டு வரும் ஏற்பாடு ஒன்று வந்தது. பஸ்ஸின் முன்னால் கட்டிய துணியில் கண்டுணர்வு சுற்றுலா என்று எழுதியிருந்தது. எங்கள் வண்டியைத்தான் பேசியிருந்தார்கள். அண்ணனும் நானும் போனோம். மலை ரூட்டில் பஸ் கதவைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி வைத்திருப்போம், யார் அதைத் திறந்து திறந்து மூடுவது. வெளியூர் என்பதால் அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்தோம். முப்பது பெண்கள். அக்காவும் வந்தார். விடியற்காலையில் சின்னசேலம் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி எல்லாரும் கட்டிவந்த சோற்றைத் தின்றார்கள். நான் எதுவும் கொண்டுபோகவில்லை. அக்கா தூக்குவாளியின் அடியைக் காட்டி, “உனுக்குத்தான் விசிலு. துன்னு” என்றார். தின்றேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விடக் கூடாது.

இரண்டு நாள் மிளகுத் தோட்டம், நாற்றுப் பண்ணை எல்லாம் பார்த்து முடித்துத் திரும்பும் வழியில் நகரத்துப் பூங்கா. அங்கே கண்ணாடியாலேயே கட்டிய பெரிய கூடம். உள்ளே மழைக்காட்டுச் செடிகள், கூண்டு இல்லாமல் பறக்கவிட்ட பறவைகள். கூட்டி வந்த மேடத்துக்குத் தலைவலி. “தம்பி, நீங்க யூனிஃபார்ம்ல இருக்கீங்க. நீங்களே உள்ள கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸிலேயே படுத்துவிட்டார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். விசில் அடித்து வரிசையில் நிற்க வைத்தேன். வாசலில் இருந்த காவலாளி என் வயசுக்காரர், அவரும் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், நீங்கதான இன்சார்ஜ்? உள்ள போறப்ப நான் பாத்துக்குறேன். வெளிய வர்றது அந்தப் பக்கம், அங்க ஆள் கிடையாது. ரெண்டு கதவு இருக்கும். மொதல் கதவு மூடினப்புறம்தான் ரெண்டாவது தொறக்கணும். ரெண்டும் ஒண்ணா தொறந்தா குருவி போயிடும். இவங்க எல்லாருக்கும் நீங்க சொல்லிடுங்க” என்றார். மரியாதையாகச் சொன்னார். சரி சார் என்றேன்.

உள்ளே நுழைந்ததும் ஈரச் சூடு. கூரையில் குழாய் வைத்துத் தூறல் போட்டார்கள். மோட்டாரில் ஒரு குட்டி அருவி கொட்டியது. “மழைக்கு சுச்சி வச்சிக்கிறாங்கடி” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி பேர்ப்பலகை குத்தி வைத்திருந்த ஒரு செடியிடம் போய் நின்று, “ஏய், இது எங்க ஊட்டுப் பின்னால தானா மொளைச்சிக் கெடக்குது. இங்க பேரு எழுதி உக்காரவச்சி டிக்கெட்டு வாங்கறாங்க” என்றாள். ஒரே சிரிப்பு. அருவியைப் பார்த்து, “நம்ம ஊரு அருவி பெத்த புள்ள மாதிரி கீது” என்றாள் வேறொருத்தி. சின்னச் சின்னக் குருவிகள், அலகு மட்டும் சிவப்பு, தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் போயின. நான் செல்போனில் என்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“விசிலு, பொழுது சாஞ்சா இதுங்க எங்க போவும்?”

“எங்கயும் போவாதுக்கா. இதுலயேதான்.”

“வெளிய மேயப் போனதுங்க பின்னால வரும்ல?”

“பின்னால எதுவும் வராது. இருக்கிறதே இவ்ளோதான்.”

கூரையை இன்னொரு தடவை பார்த்தார். “அப்ப இதுங்களுக்கு ஸ்டாப்பிங்கே இல்ல” என்றார்.

காதிலிருந்த பேனாவை எடுத்தேன். அட்டை இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கதவைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு வார்த்தை போதும், கற்பூரம் மாதிரி பிடித்துக்கொள்கிற ஆள். ஆனால் அவர் சொன்னதை எழுதிக்கொள்ளத் தோன்றிய எனக்கு, அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தோன்றவில்லை. பேனாவை மறுபடியும் காதில் செருகிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.

வெளியே போகிற வழியில் இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். சுவரில் பெரிய எழுத்தில் பலகை: முதல் கதவை மூடிய பிறகே அடுத்த கதவைத் திறக்கவும். அந்தப் பலகையின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நான் நின்றேன். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஐந்தாறு பேராக என்னைக் கடந்து போனார்கள். கடைசியில் அக்கா வந்தார். அவருக்கு முன்னால் போனவள் வெளிக்கதவைத் தள்ளினாள். அக்கா வலது காலை நீட்டி அதைத் தாங்கிக்கொண்டார். உள்ளே யாரோ ஒரு நகரத்துப் பெண், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் பை. அக்கா இடது கையை நீட்டி உள்கதவைப் பிடித்தார். காலில் ஒரு கதவு, கையில் ஒரு கதவு.

“வாம்மா, மெதுவா வா. பின்னால ஆள் வருதுங்க” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் தலைக்கு மேலே, என் தலைக்கு மேலே, சிவப்பு அலகு ஒன்று விர்ரென்று போனது.

உள்ளே யாரோ கத்தினார்கள். காவலாளி சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் குருவி எதிரில் இருந்த வேப்பமரத்துக்குள் போய்விட்டது. அவருக்கு மூச்சு வாங்கியது. “யாரு ரெண்டு கதவையும் தொறந்து வச்சது?”

“நான்தாங்க” என்றார் அக்கா. “புள்ளக்காரி வந்தாங்க, புடிச்சிக்கினேன். தப்புங்களா?”

காவலாளி அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “சார், உங்ககிட்ட அவ்ளோ தூரம் சொன்னேனே. நீங்க இவங்களுக்குச் சொன்னீங்களா, இல்லையா?”

பெண்கள் எல்லாரும் வெளியே நின்று என்னைப் பார்த்தார்கள். என் முதுகு அப்போதும் பலகை மேல்தான் இருந்தது. சொல்லலீங்க, மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மனுஷன் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார். அவ்வளவுதான். ஆனால் காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், இன்சார்ஜ்.

“சொன்னேன் சார். சொல்லாம இருப்பனா?” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, இரண்டு பெரிய மனுஷர்கள் பேசிக்கொள்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னேன்: “மலை ஆளுங்க சார். எத்தினி வாட்டி சொன்னாலும் மண்டையில ஏறாது.”

தாழ்த்திய குரல் அந்தச் சின்ன அறையில் முழங்கி, வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது.

ஒரு பெண், சின்ன வயசுக்காரி, “எப்பண்ணா சொன்னீங்க, எங்களுக்கு எ...” என்று ஆரம்பித்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “வுடு” என்றார். என்னைப் பார்க்கவில்லை. காவலாளியிடம் போனார்.

“அந்தக் குருவி திரும்பி வந்தா தொறப்பீங்களாங்க?”

அவர் கோபம் அந்தக் கேள்வியில் கொஞ்சம் இறங்கிவிட்டது. “தானா வராதும்மா. அதுக்கு இது சொந்த ஊரு இல்ல. வெளிய தீனி தேடத் தெரியாது. காக்கா விடாது. ஜோடிய ஒரு கூண்டுல வச்சி வாசல்ல வச்சிப் பாப்போம், சத்தம் கேட்டு வந்தா உண்டு. இதோ பாருங்கம்மா, இனிமே எங்க போனாலும் இப்பிடி” என்று கதவை இழுத்து மூடி, உள்ளங்கையால் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துக் காட்டினார். அக்கா குழந்தை மாதிரி கவனமாகப் பார்த்துக்கொண்டார். சரிங்க என்றார்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு இடத்தில் நான் பாதை நடுவில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து குரல் வந்தது.

“கண்டக்டர் சார், கொஞ்சம் வழி வுடுங்க.”

சார். வுடுங்க. ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ‘ங்க’ இருக்கிறதே, அது அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு போகவே இல்லை.

அதற்கு அப்புறமும் ஒரு வருஷம் போல அதே ரூட்டில் இருந்தேன். சிமெண்ட் குழாய்ப் பக்கத்தில் ஏறுவார். இரண்டு காலையும் மேலே வைத்து, கூடையை ஓரமாக வைத்துவிட்டு, “கண்டக்டர் சார், ஒரு நிமிசம் நிக்கலாமுங்களா? பின்னால ஆள் வர்ற மாதிரி இருக்குதுங்க” என்பார். அனுமதி கேட்பார். நான் நிக்கலாம்க்கா, நிக்கலாம் என்பேன். பத்து நிமிஷம்கூட நின்றிருப்பேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்டதே இல்லை. “இன்னாடா, உங்களுக்குள்ள சண்டையா?” என்று அண்ணன் கேட்டார். இல்லண்ணே என்றேன். சண்டை இருந்தால் அல்லவா தீரும்.

ஒருநாள் துணிந்து, “எக்கா, அன்னிக்கு அந்தக் கதவு விசயம்...” என்று தொடங்கினேன். “அது போயிடுச்சுங்க” என்றார். பிறகு, “அந்தக் குருவி வந்துச்சான்னு கேட்டீங்களா சார்?” என்றார். நான் கேட்கவே இல்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

இப்போது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக் கிளப்புகிற வேலை. போன மாசம் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, அதே கூடை. என் மேசைப் பக்கமாகத்தான் வந்தார். நான் குனிந்து நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி இருந்துவிட்டேன். எழுதினது ஒன்றுமில்லை, ஏற்கெனவே இருந்த கோட்டின் மேல் கோடு போட்டேன்.

பூங்காவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

எல்லாரும் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். எனக்குக் கால் படியில் ஏறவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தேன். காவலாளி அந்தக் கதவுக்கு வெளியே ஒரு கூண்டை வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் இன்னொரு சிவப்பு அலகு, விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

“இன்னா சார், எதுனா வுட்டுட்டீங்களா?”

வாய் வரைக்கும் வந்தது. “பேனா” என்றேன். “பேனாவ வுட்டுட்டேன்.”

அந்த மனுஷன் அந்தச் சின்ன அறைக்குள் போய்க் குனிந்து தேடினார். மூலையில் போட்டிருந்த மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“காதுல இருக்குதே சார்.”

நானும் சிரித்தேன். சரி சார், வரேன் சார் என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தேன். நடை ஓட்டமானது, ஏனென்றால் எஞ்சின் சத்தம் கேட்டது. வாசலில் வண்டிகளை நிற்க விடாமல் யாரோ விரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. பஸ்ஸுக்குள் மேடம் சொல்வது வெளியே கேட்டது: “எவ்ளோ நேரம் நிக்கிறது? அவர் அடுத்த சிக்னல்ல வந்து ஏறிக்குவாரு. நீங்க எடுங்க டிரைவர்.” வண்டி உறுமி ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

அப்போதுதான் அந்தக் குரல். சார் இல்லை, அனுமதி இல்லை, பழைய குரல்.

“அண்ணே, பின்னால ஆள் வருதுங்க. இன்னும் ஒரு ஆளு பாக்கி. வண்டிய எடுக்காதீங்க.”

வண்டி நின்றது. அக்காவின் இடது கால் படியில் இருந்தது. வலது கால் தார் ரோட்டில். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடி வருவதை அவர் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், நான் வந்த பாதையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

தரையிலிருந்த காலை எடுத்து மேலே வைத்தார். ஒதுங்கி எனக்கு வழி விட்டார். நான் ஏறினேன். அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, பஸ் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திவிட்டு, காவலாளி காட்டிக் கொடுத்த மாதிரியே, உள்ளங்கையால் அதை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்.